அந்தப் போர்வையில பேரு எங்க இருக்கு?

வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பகுதியில பெண் ஓவியர்களைப் பத்தி நாலே வரி எழுதியிருந்தேன், ஒருத்தி வரைஞ்ச படத்தை இன்னொருத்தர் பேர்ல மாட்டி வச்சிருந்த கதை உலகத்துல நிறைய இருக்குன்னு. அவ்வளவுதான் எழுதினது. அதுக்கு வந்திருக்கிற லெட்டரையும் வாட்ஸப்பையும் பார்த்துட்டு மனசு நிறைஞ்சு போச்சு, அதனால இந்த மாசம் சமையல், செடி, பிள்ளைங்க படிப்பு எல்லாத்தையும் ஓரமா வச்சுட்டு இதை மட்டும் பேசிடலாம். குன்னூர்ல ரொம்ப வருஷம் டிராயிங் டீச்சரா இருந்தவ நான், இந்த விஷயத்துல எனக்கு நிறைய ஆதங்கம் இருக்கு, பதில் கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கோங்க.

மேடம், எங்க கிளாஸ்ல உலகப் புகழ் பெற்ற ஓவியர்கள் பத்து பேரை எழுதச் சொன்னாங்க. 40 பேர் எழுதினோம், ஒரு பேப்பர்ல கூட ஒரு பொம்பள பேரு இல்லை, நானும் எழுதலை. அந்தக் காலத்துல பொம்பளைங்க வரையவே இல்லையா?
– கல்லூரி மாணவி, குன்னூர்

வரைஞ்சாங்கம்மா. வரையவிடாம தடுத்ததையும் தாண்டித்தான் வரைஞ்சாங்க. நீ கேட்ட கேள்வியைத்தான் 1971ல லிண்டா நாக்லின்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியை தன்னோட கட்டுரைக்குத் தலைப்பாவே வச்சாங்க, மகத்தான பெண் ஓவியர்கள் ஏன் இல்லைன்னு. திறமை இருந்துச்சா இல்லையான்னு நோண்டாதீங்க, யாரை எந்தப் பள்ளிக்கூடத்துல சேர்த்துக்கிட்டாங்க, யாருக்குக் கதவைச் சாத்தினாங்கன்னு பாருங்கன்னாங்க. ஐரோப்பாவுல அப்ப பெரிய ஓவியர்னு பேரு வாங்கணும்னா மனுஷ உடம்பை நல்லா வரையத் தெரியணும், அதுக்குத் துணியில்லாத மாடலை நிக்க வச்சு வருஷக்கணக்கா வரைஞ்சு பழகணும், அந்த வகுப்புக்குள்ள பொம்பளைங்களை விட மாட்டாங்க. அடுப்படிப் பக்கமே வரக்கூடாது ஆனா கல்யாண விருந்து சமைச்சுக் காட்டுன்னா எப்படி?

லண்டன்ல 1768ல ராயல் அகாடமின்னு ஓவியர்களோட அமைப்பு ஆரம்பிச்சப்ப அதோட தொடக்க உறுப்பினர்கள்ல ரெண்டு பொம்பளைங்க இருந்தாங்க, அங்கேலிகா காஃப்மன், மேரி மோசர். ஸோஃபனின்னு ஒரு ஓவியர் 1771-72ல அந்த அகாடமி உறுப்பினர்கள்ல பெரும்பாலானவங்களை வச்சு ஒரு குரூப் படம் வரைஞ்சார். நெட்ல தேடினா கிடைக்கும், பெருசு பண்ணிப் பாரு. ஒரு ரூம் நிறைய ஆம்பளைங்க, ஒரு பக்கம் ஆண் மாடல் துணியில்லாம உக்காந்திருக்கான், அவனை எப்படி உக்கார வைக்கிறதுன்னு பேசிக்கிட்டு நிக்கிறாங்க. அந்த ரெண்டு பொம்பளைங்க எங்கன்னு தேடு. சுவர்ல! ரெண்டு போட்டோ மாட்டின மாதிரி அவங்க முகத்தை மட்டும் வரைஞ்சு சுவர்ல தொங்க விட்டிருக்கார், ஏன்னா அந்த ரூமுக்குள்ள அவங்க நிக்கிறது மரியாதை இல்லையாம். அகாடமியை ஆரம்பிச்சவங்களே சுவர்ல. அதுக்கப்புறம் ஒரு பொம்பளையை முழு உறுப்பினரா எடுத்தது 1936ல, லாரா நைட். இடையில எத்தனை வருஷம்னு கணக்குப் போட்டுக்கோ.

நான் டிராயிங் ஹையர் கிரேடு பரீட்சைக்குப் படிச்ச காலத்துல எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பேருங்கள்ல ஒரு பொம்பள பேரு கிடையாது, எனக்கும் கேக்கணும்னு தோணலை. உனக்கு இந்த வயசுலயே தோணியிருக்கு. அடுத்த தடவை அந்தப் பேப்பரை எழுதச் சொன்னா அஞ்சு பேராவது எழுதணும், கீழே நான் சொல்றவங்கள்ல இருந்தே எழுதலாம்.

அக்கா, நான் டாக்ஸி ஓட்டுறேன். லேம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ்னு டூரிஸ்ட்டை கூட்டிட்டுப் போறப்ப லேடி கேனிங் சீட்டும் காட்டுவோம். யாரு அந்த லேடின்னு கேக்கிறாங்க, வெள்ளைக்கார ராணின்னு சொல்லிச் சமாளிக்கிறேன். சரியா?
– டாக்ஸி டிரைவர், குன்னூர்

ராணி இல்லை தம்பி, ஓவியர்! பேரு சார்லட் கேனிங், 1817ல பிறந்தவங்க, இந்தியாவோட முதல் வைஸ்ராய் கேனிங்கோட சம்சாரம். 1858ல நீலகிரிக்கு வந்து குன்னூர்ல தங்கியிருந்தாங்க, அதான் அந்த இடத்துக்கு அவங்க பேரு. இந்தியாவுல ஊர் ஊராப் போனப்ப எல்லாம் வாட்டர்கலர்ல வரைஞ்சு தள்ளியிருக்காங்க, சுமார் 350 படம் லண்டன்ல விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு. 1861ல கல்கத்தாவுல மலேரியா வந்து 44 வயசுல இறந்துட்டாங்க. வங்காளத்துல லெடிகெனின்னு ஒரு ஸ்வீட் இருக்கு பாருங்க, அது லேடி கேனிங்ங்கிற பேரு நாக்குல உருண்டு வந்ததுதான். ஸ்வீட்ல பேரு நிக்குது, வியூ பாயிண்ட்ல பேரு நிக்குது, அவங்க ஓவியர்ங்கிறது மட்டும் யாருக்கும் தெரியாது. இனிமே டூரிஸ்ட் கேட்டா, மிஸ்ட் விலகுற வரைக்கும் நிக்க வச்சு இதைச் சொல்லுங்க.

எங்க கோத்தகிரியில இருந்து யாராச்சும் பெண் ஓவியர் வெளிநாட்டு மியூசியம் வரைக்கும் போயிருக்காங்களா டீச்சர்?
– இல்லத்தரசி, கோத்தகிரி

போயிருக்காங்க, அதுவும் உங்க ஊர்லயே வாழ்ந்தவங்க. மார்கரெட் காக்பர்ன். 1829ல சேலத்துல பிறந்தாங்க, அப்பா எம்.டி. காக்பர்ன் சேலம் கலெக்டரா இருந்தவர், கோத்தகிரியில காபித் தோட்டம் போட்டவர்னு உங்க ஊர்ப் பெரியவங்களே சொல்லுவாங்க. மகளுக்கு இங்க இருக்கிற பறவை, செடி, பூ மேல உயிர். வெறும் படம் வரையறதோட நிக்கலை, எந்தப் பறவை எந்த மாசம் கூடு கட்டுது, எத்தனை முட்டை, என்ன நிறம்னு குறிப்பு எழுதி வச்சாங்க. ஏ.ஓ. ஹியூம்னு காங்கிரஸ் கட்சி ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், பறவை ஆராய்ச்சியில பெரிய ஆளு, அவரு இந்தியப் பறவைகளோட கூடு, முட்டை பத்திப் போட்ட புத்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் கோத்தகிரி மிஸ் காக்பர்ன் சொல்றாங்க, மிஸ் காக்பர்ன் எழுதியிருக்காங்கன்னு வரும். அவங்க வரைஞ்ச பறவைப் படங்கள் லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துல இருக்கு. 1928ல இறந்தாங்க, கிட்டத்தட்ட 100 வயசு.

ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அந்தக் காலத்துல பறவை ஆராய்ச்சின்னா துப்பாக்கியும் கையுமா அலையுற துரைமாருங்க வேலை, அதுல ஒரு கல்யாணமாகாத பொண்ணு கோத்தகிரி வீட்டுல உக்காந்துக்கிட்டு பிரஷ்ஷும் நோட்டும் வச்சு இவ்வளவு பண்ணியிருக்காங்க. அவங்களுக்குக் கூட்டைக் காட்டிக் கொடுத்த நம்ம ஊரு ஆளுங்களும் இருந்திருப்பாங்க, சோலைக்குள்ள பாதை தெரியாம முட்டை கிடைக்காதே, அவங்க பேரும் எங்கயாச்சும் எழுதியிருந்தா எவ்வளவு நல்லா இருக்கும். காக்பர்ன் வரைஞ்ச படத்தோட காப்பி நாலையாவது கோத்தகிரி லைப்ரரியில மாட்டணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. உங்க பகுதி நூலகத்துல வாசகர் வட்டம் இருந்தா பேசிப் பாருங்க, நானும் வர்றேன்.

ஒருத்தி வரைஞ்சதை இன்னொருத்தர் பேர்ல மாட்டினாங்கன்னு போன மாசம் எழுதினீங்களே, அது யாரு கதை? என் மருமகளும் நானும் அதைப் பத்தி ஒரு வாரமா பேசிக்கிட்டிருக்கோம்.
– வாசகி, கூடலூர்

மாமியாரும் மருமகளும் சேர்ந்து பேசுற விஷயமாச்சே, முழுசா சொல்லிடுறேன்.

ஜூடித் லெய்ஸ்டர். நெதர்லாந்துல ஹார்லம்ங்கிற ஊரு, 1609ல பிறந்தவங்க. 24 வயசுல அந்த ஊர் ஓவியர் சங்கத்துல மெம்பர் ஆயிட்டாங்க, அதாவது தனியா பட்டறை வைக்கலாம், சிஷ்யர்களைச் சேர்த்துக்கலாம். அதே ஊர்ல ஃப்ரான்ஸ் ஹால்ஸ்னு பெரிய ஓவியர், ஊரே அவரைக் கொண்டாடும். ஒருநாள் லெய்ஸ்டரோட சிஷ்யன் ஒருத்தன் இவங்களை விட்டுட்டு ஹால்ஸ் பட்டறைக்குப் போயிட்டான், ஹால்ஸும் சேர்த்துக்கிட்டார். வேற யாரா இருந்தாலும் பெரிய மனுஷன்கிட்ட என்ன சண்டைன்னு விட்டிருப்பாங்க, இவங்க நேரா சங்கத்துல போய் புகார் கொடுத்து நஷ்டஈடு கேட்டாங்க! 1635ல. அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு அவங்களைப் பிடிக்கும்.

அடுத்த வருஷம் மோலனேர்னு இன்னொரு ஓவியரைக் கல்யாணம் பண்ணாங்க, அதுக்கப்புறம் வரைஞ்சது ரொம்பக் கம்மி. பிள்ளைங்க, வீடு, புருஷனோட வியாபாரம். 1660ல இறந்தாங்க. புருஷனும் போனப்புறம் வீட்டுல இருந்த படத்துக்கெல்லாம் லிஸ்ட் போட்டவங்க சில படத்துக்கு நேரே "இறந்தவரோட மனைவி வரைஞ்சது"ன்னு எழுதி வச்சிருக்காங்க. சங்கத்துல மெம்பரா இருந்த பொம்பளைக்கு அவ்வளவுதான் பேரு.

அப்புறம் 200 வருஷத்துக்கு மேல அப்படி ஒருத்தி இருந்தான்னே யாருக்கும் ஞாபகம் இல்லை. அவங்க படமெல்லாம் என்ன ஆச்சு? நல்லா இருக்கிற படம், ஹார்லம் ஊரு, அந்தக் காலம், அப்ப இது ஹால்ஸ்தான்னு முடிவு பண்ணி ஹால்ஸ் விலைக்கு வித்தாங்க. இப்ப பாரிஸ்ல லூவர் மியூசியத்துல இருக்கிற ஒரு படம், ஒரு ஆணும் பொண்ணும் உக்காந்து குடிச்சு வயலின் வாசிச்சு சந்தோஷமா இருக்கிற மாதிரி, அதை ஹால்ஸ்னு சொல்லி வித்ததுல 1893ல வியாபாரிங்களுக்குள்ள கேஸ் ஆயிடுச்சு, அப்ப கையெழுத்தை உத்துப் பார்த்தா அது ஹால்ஸ் கையெழுத்தே இல்லை. ஜே, எல்னு ரெண்டு எழுத்து பின்னிக்கிட்டு, பக்கத்துல சின்னதா ஒரு நட்சத்திரம். லெய்ஸ்டர்ங்கிற வார்த்தைக்கு அவங்க மொழியில வழிகாட்டும் நட்சத்திரம்னு அர்த்தம், தன் பேரையே நட்சத்திரமா போட்டு வச்சிட்டுப் போயிருக்கா மகராசி. ஒரு டச்சு ஆராய்ச்சியாளர் அதைப் புடிச்சுக்கிட்டு தேடத் தேட ஹால்ஸ்னு நினைச்சிருந்த இன்னும் சில படத்துலயும் அதே நட்சத்திரம்.

கண்டுபிடிச்சதும் கொண்டாடினாங்களான்னா இல்லை, படத்தோட விலையைக் குறைச்சாங்க. அதே படம், அதே பெயிண்ட், அதே சிரிப்பு. பேரு மட்டும்தான் மாறிச்சு.

டீச்சர், நான் ஊட்டியில சின்னதா கடை வச்சிருக்கேன். தோடர் எம்பிராய்டரி சால்வையும் விக்கிறேன். ஒரு கஸ்டமர், இது கைவேலைதானே, கலைன்னு சொல்லி விலை ஏத்தாதீங்கன்னு சண்டை போட்டுட்டுப் போனார். நான் என்ன பதில் சொல்லியிருக்கணும்?
– கடைக்காரர், ஊட்டி

இதுக்குத்தான் நான் காத்துக்கிட்டிருந்தேன்.

பல வருஷம் முன்னாடி பொட்டானிக்கல் கார்டனுக்கு மேல இருக்கிற மந்துக்கு, அதாவது தோடர் குடியிருப்புக்கு, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். ஒரு பாட்டி வெயில்ல உக்காந்து பூத்துக்குளிங்கிற தோடர் போர்வை தைச்சுக்கிட்டிருந்தாங்க, அவங்க பாஷையில அந்தத் தையலுக்குப் புகுர்னு பேரு. மடியில முரட்டு வெள்ளைப் பருத்தித் துணி, கையில ஊசி, சிவப்பும் கறுப்பும் நூலு. பிரேம் கிடையாது, கார்பன் பேப்பர் கிடையாது, பென்சில் கோடு ஒண்ணு கிடையாது. இடது கை கட்டைவிரல் நகத்தால துணியோட இழையைத் தள்ளித் தள்ளி எண்றாங்க, எண்ணிக்கிட்டே ஊசியை உள்ள விட்டு எடுக்கிறாங்க, வாயில பேச்சும் ஓடுது. நூலை இறுக்கி இழுக்கிறதில்லை, வரிசை முடியுற இடத்துல துளி லூப்பா விடுறாங்க, அதனாலதான் கை வச்சுப் பார்த்தா டிசைன் மேடா தட்டுப்படும். இதுல முக்கியமானது, தைக்கிறது துணியோட பின்பக்கத்துல, நாம எதை உள்பக்கம்னு நினைக்கிறோமோ அந்த மேடான பக்கம்தான் அவங்களுக்கு முகப்பு. எருமைக் கொம்பு டிசைனைச் சொல்லி இது எங்க ஆரம்பிச்சு எங்க முடியும்னு கேட்டேன், தலையைத் தொட்டுக் காட்டினாங்க. நானும் ஊசியை வாங்கி முயற்சி பண்ணேன், மூணாவது வரிசையில ஒரு இழை தப்பிடுச்சு, அவங்க ஒண்ணும் சொல்லாம பிரிச்சு எடுத்து மறுபடியும் எண்ணிக் காட்டினாங்க.

அந்தப் போர்வை அவங்களுக்கு வெறும் குளிர் போர்வை இல்லை. விசேஷத்துக்குப் போத்துறதும் அதுதான், இறந்தவங்க உடம்பைச் சுத்தி வழியனுப்புறதும் அதுதான். ஒரு மனுஷனோட கடைசி நாளைக்கு என்ன டிசைன் வேணும்னு முடிவு பண்ற பொம்பளையை ஓவியர்னு சொல்லாம என்னன்னு சொல்றது? கலை, கைவேலைன்னு பிரிச்ச கோடு எங்க இருந்து வந்துச்சுன்னு பார்த்தா, பெரும்பாலும் யாரு செய்றாங்க, எங்க வச்சுச் செய்றாங்கன்னு பார்த்துப் போட்ட கோடுதான். கேன்வாஸ்ல கறுப்பும் சிவப்பும் கட்டம் கட்டமா பெயிண்ட் அடிச்சு பிரேம் போட்டா கேலரி, அதையே துணியில எண்ணித் தைச்சா கைவேலை. இந்த மலையோட இன்னொரு பழங்குடியான கோத்தர் பெண்கள் செஞ்ச மண்சட்டியும் அப்படித்தான், ஒரு காலத்துல இந்த மலையில தோடர், படுகர் வீட்டு அடுப்புல எல்லாம் அவங்க சட்டிதான் கொதிச்சுது, யாரு செஞ்ச சட்டின்னு எங்கயும் எழுதலை.

தோடர் எம்பிராய்டரிக்கு 2013ல புவிசார் குறியீடு கிடைச்சுது. அது இனத்துக்கான மரியாதை, சந்தோஷம்தான். ஆனா எனக்கு அதைவிட நெஞ்சு குளிர்ந்தது 2022 மார்ச் 8ம் தேதி. பெண்களுக்குக் கொடுக்கிற நாரி சக்தி புரஸ்கார் விருதை, 2020ம் வருஷத்துக்கானதை, ஜனாதிபதி கையால ஜெயா முத்து, தேஜம்மான்னு ரெண்டு தோடர் எம்பிராய்டரி கலைஞர்கள் வாங்கினாங்க. பேரோட கூப்பிட்டாங்க பாருங்க, அதான் விஷயம். ஏன்னா ஒருதடவை ஒரு கண்காட்சியில பூத்துக்குளியைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு 'கலைஞர்: தெரியவில்லை'ன்னு சீட்டு ஒட்டியிருந்தாங்க, அதைத் தைச்ச அம்மா நாலடி தள்ளி ஸ்டால்ல உக்காந்திருந்தாங்க. நான் போய்ச் சொன்னேன், பார்க்கலாம் மேடம்னாங்க, சாயந்திரம் வரைக்கும் அந்தச் சீட்டு மாறலை.

அதனால கஸ்டமர்கிட்ட விலைக்குச் சண்டை போடாதீங்க. நீங்க சால்வை வாங்குறப்பவே தைச்சவங்க பேரு, மந்து பேரு, எத்தனை நாள் ஆச்சுன்னு கேட்டு ஒரு சின்ன அட்டையில எழுதி, அவங்களுக்குச் சம்மதம்னா நூல்ல கட்டி விடுங்க. விலைப்பட்டை முன்னாடி தெரிய வேண்டாம், அந்த அட்டை முன்னாடி தெரியட்டும்.

மெஷின் எம்பிராய்டரியையும் தோடர் சால்வைன்னு விக்கிறாங்களே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?
– வாசகர், கேத்தி

திருப்பிப் பாருங்க. மெஷின்னா பின்பக்கம் வேற நூல் ஓடியிருக்கும், சிலதுல பேப்பர் மாதிரி ஒட்டியிருக்கும், கை வச்சா வழவழன்னு ஒரே சீரா இருக்கும். கைத்தையல்ல ரெண்டு பக்கமும் டிசைன் தெளிவா இருக்கும், ஒவ்வொரு தையலும் துணி இழையோட கட்டத்துல உக்காந்திருக்கும், வளைவே இருக்காது. வீட்டுல பழைய போர்வை இருந்தா நம்ம ஊரு ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்காம பார்த்துக்கோங்க, பிளாஸ்டிக் கவர்ல போடாதீங்க, துவைச்ச பழைய வேட்டியில சுத்தி வைங்க, வெயில் அடிக்கிற நாள்ல நிழல்ல விரிச்சு விடுங்க, லூப் மேல அயர்ன் பாக்ஸை அழுத்தாதீங்க.

அம்ரிதா ஷேர்கில் நம்ம பக்கம் வந்திருக்காங்களா? தமிழ்நாட்டுக்காரங்க யாரையும் வரைஞ்சிருக்காங்களா?
– ஆசிரியை, கொடைக்கானல்

தெற்கே வந்திருக்காங்க டீச்சர், அந்தப் பயணம்தான் அவங்க ஓவியத்தையே மாத்திச்சு. 1913ல புடாபெஸ்ட்ல பிறந்தவங்க, அப்பா பஞ்சாப், அம்மா ஹங்கேரி, பாரிஸ்ல படிச்சாங்க. 1936 கடைசியில கிளம்பி அஜந்தா, எல்லோரா பார்த்து, கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர் ஓவியங்களைப் பார்த்து, திருவனந்தபுரம், கன்னியாகுமரி வரைக்கும் போனாங்க. திரும்பிப் போய் 1937ல வரைஞ்சதுல முக்கியமானது மூணு படம், மணப்பெண் அலங்காரம், பிரம்மச்சாரிகள், சந்தைக்குப் போகும் தென்னிந்திய கிராமத்தார். அந்தக் கடைசிப் படத்தை உங்க பிள்ளைங்களுக்குக் காட்டுங்க. கறுத்த உடம்பு, வெள்ளைத் துணி, யாரும் சிரிக்கலை, யாரும் போஸ் கொடுக்கலை. அழகா காட்டுறேன்னு நிறத்தை வெளுக்க வைக்காத ஓவியம், அதுவும் 1937ல! இன்னைக்கும் காலண்டர்ல அந்த தைரியம் இல்லை.

1941ல 28 வயசுல லாகூர்ல இறந்துட்டாங்க. 2023 செப்டம்பர்ல அவங்களோட 1937ம் வருஷத்துப் படம் ஒண்ணு 61.8 கோடிக்கு ஏலம் போச்சு, அப்ப இந்திய ஓவியத்துல அதான் உச்ச விலை. உயிரோட இருந்தப்ப படம் விக்க அவங்க பட்ட பாட்டை நினைச்சா அந்த நம்பரைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் பாதி, வருத்தம் பாதி.

அப்படியே டி.கே. பத்மினி பேரையும் போர்டுல எழுதுங்க. கேரளாவுல பொன்னானிப் பக்கத்துல 1940ல பிறந்து, மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில கே.சி.எஸ். பணிக்கர்கிட்ட படிச்சவங்க. பெண் உடம்பை, பட்டம் விடுற பொண்ணை, இருட்டுல நிக்கிற மரத்தையெல்லாம் யாரையும் பார்த்து வரையாம தன் போக்குல வரைஞ்சாங்க. 1969ல பிரசவத்துல போயிட்டாங்க, 29 வயசு முடியலை, அதுக்குள்ள 200க்கு மேல வேலை. ஷேர்கில் பேரு தெரிஞ்ச பத்து பேர்ல ஒருத்தருக்குக் கூட பத்மினி பேரு தெரியலை, அவங்க நமக்குப் பக்கத்து ஊரு.

எங்க அம்மத்தா நெத்தியிலயும் கையிலயும் பச்சை குத்தியிருக்கும். அது கலையா மிஸ்?
– பிளஸ் டூ மாணவி, கோத்தகிரி பக்கம்

சந்தேகமே இல்லாம. படுகர் பாட்டிகள் நெத்தியில அந்தப் புள்ளியும் கோடும் இருக்கும், நான் பஸ்ல பக்கத்துல உக்காந்தா பார்த்துக்கிட்டே வருவேன். அதைக் குத்தினதும் ஒரு பொம்பளைதான், ஊர் ஊரா நடந்து வந்த குறத்தி, சம்பளம் தானியமோ காசோ. மையும் ஊசியும் மட்டும் வச்சுக்கிட்டு அசையுற தோல் மேல அழிக்க முடியாத கோடு போடணும்னா கை எவ்வளவு உறுதியா இருக்கணும்! அந்தப் படத்துக்கு மியூசியம் கிடையாது, பாட்டி போனா அதுவும் போயிடும். இந்த லீவுல அம்மத்தாகிட்ட கேட்டுட்டு ஜன்னல் வெளிச்சத்துல போட்டோ எடு, அப்புறம் நோட்டுல அதே அளவுல வரை, எப்ப குத்தினது, எங்க வச்சு, வலிச்சுதா, குத்தினவங்க என்ன பாட்டு பாடினாங்க, எல்லாத்தையும் பக்கத்துல எழுது.

கோலத்தையும் இந்த லிஸ்ட்ல சேர்ப்பீங்களா? ஊட்டி பனியில வாசல்ல போட்டா எட்டு மணிக்குள்ள ஈரத்துல ஊறிப் போயிடுது, இருந்தாலும் தினமும் போடுறேன்.
– வாசகி, லவ்டேல்

சேர்க்காம? 1974லயே சென்னையில கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூணு பேரும் கோலத்தை வச்சு கம்ப்யூட்டர் சயின்ஸ்ல ஆராய்ச்சிக் கட்டுரை போட்டாங்க, மூணுல ரெண்டு பேரு பொம்பளைங்க. ஒரு புள்ளிக் கோலத்தைச் சின்னதுல இருந்து பெருசா வளர்க்கிறதுக்கு நீங்க மனசுக்குள்ள வச்சிருக்கிற விதி இருக்கே, அதை இலக்கணமா எழுதிக் காட்டினாங்க. ஈரத்துல ஊறிப் போறதைப் பத்திக் கவலைப்படாதீங்க, நாளைக்குப் போட வாசல் காலியா வேணுமில்ல. வாரத்துக்கு ஒண்ணையாவது புள்ளிக் கணக்கோட நோட்டுல போட்டு, தேதி எழுதி வைங்க.

மிஸ், நான் எட்டாவது படிக்கிறேன். யானை டீத்தோட்டத்துக்குள்ள வர்ற மாதிரி ஒரு படம் வரைஞ்சிருக்கேன். கையெழுத்து எங்க போடணும்? அப்பா பேரு சேர்த்துப் போடணுமா? எங்க அண்ணன் அவனோட பேரைப் போட்டு ஸ்கூல் போட்டிக்குக் கொடுக்கிறேன்னு கேக்கிறான்.
– மாணவி, பந்தலூர்

அண்ணன்கிட்ட கொடுக்காத கண்ணு. அவனுக்கு வேணும்னா அவனையே ஒண்ணு வரையச் சொல்லு, பிரஷ் வேணும்னா கடன் கொடு.

கையெழுத்து வலது பக்கம் கீழே, ஓரத்துல இருந்து ரெண்டு விரல் தள்ளிப் போடு, பிரேம் போட்டா மறையக் கூடாது. படத்துல எந்தக் கலர் இருக்கோ அதுலயே மெல்லிசு பிரஷ்ஷால எழுது, பால்பாயிண்ட் பேனா வேண்டாம், நாள்பட்டா மங்கிப் போயிடும். உன் பேரு முழுசா தமிழ்ல, கூட வருஷம். இனிஷியல் உன் இஷ்டம், அம்மா இனிஷியலும் போடலாம், இல்லாமலும் விடலாம். அப்புறம் படத்தைத் திருப்பி, பின்னாடி பென்சில்ல மெதுவா அழுத்தாம எழுது: பேரு, வயசு, பந்தலூர், என்ன தேதி, என்ன பெயிண்ட், அந்த யானை எந்தத் தோட்டத்துக்குள்ள வந்துச்சு, நீ எங்க நின்னு பார்த்த. எழுதிட்டு முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, அடுத்த மாசம் இந்தப் பக்கத்துல போடச் சொல்றேன், உன் பேரோட.